உரலில் இடித்தது எங்கே போனது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூன் மாதம் குடும்பத்தோடு பெரு நாட்டுக்குப் போயிருந்தோம். மச்சு பிச்சுவுக்கு முன்னால் உடம்பு உயரத்துக்குப் பழகட்டும் என்று கஸ்கோ நகரில் தங்கினோம். அங்கே ஒரு பிற்பகல், ‘விதையிலிருந்து சாக்லேட் வரை’ என்ற இரண்டு மணி நேர வகுப்புக்கு மகள் பிடிவாதம் பிடித்து இழுத்துப் போனாள். மண்சட்டியில் கொக்கோ விதையை வறுத்தோம், கையால் தோலுரித்தோம், சின்னக் கல்லுரலில் போட்டு இடித்தோம். எவ்வளவு இடித்தும் என்னுடையது நறநறவென்று ஒரு கருப்பு விழுதாகத்தான் நின்றது. அதில் மிளகாய், தேன், வெந்நீர் கலந்து குடிக்கக் கொடுத்தார்கள். அச்சில் ஊற்ற மட்டும் ஏற்கெனவே உருக்கி வைத்திருந்த சாக்லேட்டை உள்ளேயிருந்து கொண்டுவந்தார்கள். நாங்கள் அரைத்தது ஒன்று, பெட்டியில் போட்டுக் கொடுத்தது வேறொன்று. மகள் கவனிக்கவில்லை. எனக்கு உறுத்தியது. பயணிகளுக்காகப் போடும் நாடகத்துக்குப் பணம் கட்டிவிட்டோமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

டல்லாஸ் திரும்பிப் பெட்டியைத் திறந்தால் சாக்லேட் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. பூஞ்சை, தூக்கிப் போடுங்கள் என்கிறாள் மனைவி. மகள் விடவில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

இன்னொன்று. அந்தக் கடையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அப்படியே நம் வீட்டு டேபிள் டாப் கிரைண்டர் மாதிரி இருந்தது. என் பிரமையா? டிசம்பரில் கோவைக்கு வருகிறோம். பொள்ளாச்சியில் கொக்கோ தோட்டங்கள் உண்டு என்கிறார்கள். மகளைக் கூட்டிப்போனால் பிரயோஜனம் இருக்குமா?

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

சாக்லேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அது பூஞ்சையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன். உங்களை உறுத்தும் கேள்விதான் பெரியது.

உரலில் இடித்ததை அச்சில் ஊற்றியிருந்தால் உங்கள் மகள் அதை ஒரு கடி கடித்துவிட்டு வைத்திருப்பாள். கொக்கோ பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதனால்தான் இடிக்க இடிக்க, தண்ணீரே விடாமல், உலர்ந்த பருப்பு இளகி விழுதாகிறது. ஆனால் அந்தக் கொழுப்புக்குள் மிதக்கும் துகள்கள் பெரியவை. ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருந்தால் நாக்கு அதை மணல் என்றே எடுத்துக்கொள்ளும். கடையில் வாங்கும் நல்ல சாக்லேட்டில் துகள் 20 மைக்ரான் அளவுக்கு நுணுகியிருக்கும். கையால் இடித்து அந்த இடத்துக்குக் கிட்டக்கூடப் போக முடியாது. கல் உருளைகள் ஒரு நாள், சில இடங்களில் இரண்டு மூன்று நாள், நிற்காமல் ஓட வேண்டும். அப்படி ஓடும்போது நுணுகுவதோடு, விதையில் தங்கியிருக்கும் காடி நெடியும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகிறது. இரண்டு மணி நேர வகுப்பில் இதற்கு இடமில்லை. எனவே நேற்றோ முந்தாநாளோ அரைக்கத் தொடங்கியதைக் கொண்டுவந்து ஊற்றச் சொல்கிறார்கள்.

வாயில் வழுவழுப்பாகக் கரையும் சாக்லேட் உலகத்துக்கே புதுசு. 1879-ல் சுவிட்சர்லாந்தில் ருடால்ஃப் லிண்ட் ‘கான்ச்’ என்ற இயந்திரத்தில் சாக்லேட்டை நீண்ட நேரம் உருட்டிப் புரட்டிய பிறகுதான் அந்த வழுவழுப்பு வந்தது. அதற்கு முன்பு ஐரோப்பாவில் விற்ற சாக்லேட்டும் நறநறப்புதான். கொக்கோவை அறிந்த மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதைக் குடித்துத்தான் வந்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் வறுத்து, உரித்து, இடித்த விதை அந்த மிளகாய்த் தேன் கோப்பையில் தன் வேலையை முடித்துவிட்டது. உங்கள் கையால் தொடங்கி உங்கள் கையாலேயே முடிந்த சாக்லேட் அதுதான். பெட்டியில் வந்தது பின்னால் வந்த இயந்திர யுகத்துடையது. இரண்டுமே உண்மையானவை.

இதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாக்கியம் போதும். பெரும்பாலான வகுப்புகளில் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. கவனிக்கிற ஒருவர் ஏமாந்துவிட்டோம் என்ற நினைப்போடு வீடு திரும்புகிறார். சொல்லியிருந்தால் அந்தக் கோப்பையை அவர் இன்னும் நிதானமாகக் குடித்திருப்பார்.

கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா என்றால், நிச்சயம் உண்டு. சட்டியில் விதை படபடவென்று வெடிக்கும்போது வாசனை எப்படி மாறுகிறது, எந்தக் கட்டத்தில் தோல் தானாக விட்டுக்கொடுக்கிறது, உரலில் எந்த நிமிஷத்தில் பொடி இளகுகிறது என்பதையெல்லாம் எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் பிரஸ்ஸல்ஸிலும் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே விதையே கண்ணில் படாது. உருக்கிய சாக்லேட்டைச் சலவைக்கல் மேசையில் ஊற்றி, தேய்த்து, வழித்து, சூடு இறக்குவதில்தான் பாடமே தொடங்குகிறது. ‘விதையில்லாத வகுப்பு போலி’ என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. சாக்லேட் ஓட்டுக்குள் பூரணம் வைக்கும் பிரலீனை 1912-ல் ஜான் நியூஹாஸ் உருவாக்கிய ஊர் அது. அவர்களுடைய வித்தை அங்கேதான் தொடங்குகிறது, அதை முழு மனதோடு சொல்லித்தருகிறார்கள்.

கஸ்கோ வகுப்புகளில் எனக்குக் குறையாகப் படுவது வேறு. 3,400 மீட்டர் உயரத்தில் கொக்கோ மரம் வளராது. விதை வருவது மலைக்கு அந்தப்பக்கம், கில்லபாம்பா என்ற ஊரைச் சுற்றிய வெப்பப் பள்ளத்தாக்குகளிலிருந்து. 4,300 மீட்டர் உயரக் கணவாய் ஒன்றைத் தாண்டி லாரியில் வந்து சேர வேண்டும். அங்கே ‘சுஞ்சோ’ என்று ஒரு நாட்டு ரகம் இருக்கிறது. சின்ன விதை, அலாதியான மணம். சான் பெட்ரோ சந்தையில் காய்ச்சிக் குடிப்பதற்கென்று கட்டி கட்டியாக விற்கும் சாக்லேட்டை முகர்ந்து பார்த்திருந்தால் உங்களுக்குப் புரியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரு முழுவதும் ‘சாக்கலத்தாடா’ என்று குழந்தைகளைக் கூட்டி வைத்துச் சூடான சாக்லேட் ஊற்றிக் கொடுப்பார்கள். இவ்வளவும் கையில் இருக்க, வகுப்பில் சொல்லும் கதை என்னவோ மாயா, ஆஸ்டெக் கதை. அவர்கள் வாழ்ந்தது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே, மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும். ஆனால் கொக்கோவின் தாய்நிலம் மேல் அமேசான் பகுதி. பெரு எல்லையை ஒட்டி, ஈக்வடாரில் சாந்தா ஆனா–லா ஃப்ளோரிடா என்ற இடத்தில் தோண்டியெடுத்த பாத்திரங்களில் சுமார் 5,300 ஆண்டுப் பழைய கொக்கோ தடயம் இருப்பதை 2018-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சொந்தக் கதை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது இன்னொரு வீட்டுக் கதையைச் சொல்வானேன்?

சரி, வெள்ளைக்கு வருவோம். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பையும், உடைக்கும்போது ‘டக்’ என்ற சத்தத்தையும் தருவது. உருக்கிய சாக்லேட்டை அந்த வடிவத்தில் உறையப் பழக்குவதற்குப் பெயர்தான் டெம்பரிங். நீங்கள் ஊற்றியது சரியாக டெம்பர் ஆகாமல் இருந்திருக்கலாம். அல்லது ஜூன் மாத டல்லாஸ் வெயிலில், காருக்குள் உருகித் தாறுமாறாக மறுபடி உறைந்திருக்கலாம். உள்ளே இருந்த கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படிந்துவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் மேலே நீர் கோத்து, சர்க்கரை கரைந்து, காய்ந்த பிறகு வெள்ளையாகத் தங்கும். எது என்று தெரிய ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் கொழுப்பு, பரவிக் கரைந்தால் சர்க்கரை. எதுவானாலும் சாப்பிடலாம். பஞ்சு போல முடி முடியாக வளர்ந்திருந்தால் மட்டும்தான் பூஞ்சை.

கொழுப்பு என்றால் மகளோடு சேர்ந்து அதைச் சரிசெய்யுங்கள். வகுப்பின் விட்டுப்போன பகுதி அதுதான். டார்க் சாக்லேட் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பெட்டியை மூடியபடியே வெளியில் வைத்து அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள். பிறகு நறுக்கி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை உருக்குங்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் இறுகித் திரண்டுவிடும், ஜாக்கிரதை. அடுப்பிலிருந்து இறக்கி, பூக்காத நல்ல டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக் கிளறிக்கொண்டே இருங்கள். அந்தப் புதுத் துண்டுகளில் இருக்கும் சரியான படிகங்கள் மற்றதையும் தங்கள் வழிக்கு இழுக்கும். 31, 32 டிகிரிக்கு இறங்கியதும் கத்தி நுனியைத் தோய்த்து வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் பளபளப்பாக உறைந்தால் அச்சில் ஊற்றலாம். பால் சாக்லேட் என்றால் இரண்டு டிகிரி கீழே. சமையலறைத் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும், கைச்சூட்டை நம்பிச் செய்ய வேண்டாம்.

நீங்கள் மூலையில் பார்த்தது பிரமை இல்லை. சிறிய அளவில் விதையிலிருந்து சாக்லேட் செய்பவர்களிடம் உலகெங்கும் ஓடுவது நம் வெட் கிரைண்டரின் வம்சம்தான். பெரிய தொழிற்சாலை இயந்திரங்களை வாங்க வசதியில்லாத அமெரிக்கச் சாக்லேட் ஆர்வலர்கள், 2000-களின் தொடக்கத்தில், இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரில் கொக்கோ பருப்பைப் போட்டுப் பார்த்தார்கள். கல்லின் மேல் கல் உருளும் அமைப்பு கொக்கோவுக்கும் பொருந்தியது. நாள்கணக்கில் ஓடினால் மோட்டார் தாங்க வேண்டும், சூட்டைப் பொறுக்க வேண்டும், உருளையின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று மாற்றங்கள் வந்தன. இன்று ‘மெலஞ்சர்’ என்ற பெயரில் கோவையிலிருந்தே பல நாடுகளுக்குப் போகிறது. புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டருக்கு இப்படி ஒரு இரண்டாவது வாழ்க்கை கிடைத்திருப்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவள் அச்சில் ஊற்றியதை அரைத்த கல் அவள் தாத்தா ஊர்ப்பக்கத்துக் கல்லாகவே இருக்கலாம்.

ஆகவே பொள்ளாச்சிக்கு அவசியம் கூட்டிப்போங்கள். ஊட்டியில் ‘ஹோம்மேட்’ என்று விற்பதில் பெரும்பகுதி கட்டியாக வாங்கி உருக்கி ஊற்றுவது. அதைப் பார்ப்பதில் மகளுக்குப் புதிதாக எதுவும் இல்லை. கஸ்கோவிலும் பிரஸ்ஸல்ஸிலும் காட்டாத முதல் பகுதி பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் இருக்கிறது. தென்னைக்கு நடுவே நிழலில் ஊடுபயிராகக் கொக்கோ நிற்கும். காய்கள் கிளை நுனியில் தொங்காமல் தண்டிலேயே ஒட்டிக் காய்த்திருக்கும். வெட்டினால் வெள்ளைச் சதைக்குள் முப்பது நாற்பது விதைகள். அந்தச் சதையைச் சப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், மங்குஸ்தான் சுளை மாதிரி இனிப்பும் புளிப்புமாக இருக்கும். விதையைக் கடித்தால் கசப்பு. சாக்லேட் வாசனை துளிகூட இருக்காது.

அந்த வாசனைக்கு வித்திடுவது நொதித்தல். சதையோடு விதைகளை மரப்பெட்டியில் குவித்து, கோணிச் சாக்கோ வாழையிலையோ போட்டு மூடி, ஐந்து முதல் ஏழு நாள் விடுவார்கள். முதலில் ஈஸ்ட் வேலை செய்து கள் வாடை வரும். பிறகு பாக்டீரியா அதைக் காடியாக்கும். குவியலின் சூடு 45, 50 டிகிரி வரை ஏறும். முளை செத்து, விதைக்குள்ளிருக்கும் புரதமும் சர்க்கரையும் உடைந்து, பின்னால் வறுக்கும்போது மணமாக மாறப்போகும் பொருள்கள் அப்போதுதான் உண்டாகின்றன. இந்தப் படியில் கோட்டைவிட்டால் எந்த பெல்ஜிய நிபுணராலும் காப்பாற்ற முடியாது. அதைச் செய்பவர் ஒரு விவசாயி. நம் பக்கத்தில் இப்போது பலர் அதை மிகுந்த அக்கறையோடு செய்கிறார்கள், சிலர் தோட்டத்திலேயே சாக்லேட்டும் செய்கிறார்கள்.

நீங்கள் வரும் நேரமும் நல்ல நேரம்தான். தென்னிந்தியாவில் செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை ஒரு அறுவடைப் பருவம். எல்லாத் தோட்டங்களிலும் வெளியாட்களை விடமாட்டார்கள், முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். அப்போது காய் வெட்டும் நாள் எது, முந்தைய வெட்டின் விதை அன்றைக்குப் பெட்டியில் இருக்குமா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டும் ஒத்துவரும் நாளில் போனால் மரத்தையும் பெட்டிக்குள் இருக்கும் சூட்டையும் மகள் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

அன்புடன்.