எம்.ஃபார்மில் பார்மகாக்னசி எடுக்கலாமா? மூலிகை மருந்துகளை ஆராயும் படிப்புக்கு மதிப்பு இருக்கிறதா?

எடுக்கலாம். நான் எடுத்தேன், இன்று வரை வருத்தப்பட்டதில்லை.

பி.ஃபார்ம் முடிக்கப் போகிறேன், பார்மகாக்னசி பிடித்திருக்கிறது, ஆனால் எல்லோரும் அது வேலை கிடைக்காத பிரிவு என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாமல் விட்டதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. வீட்டில் பார்மசூட்டிக்ஸ் (மருந்து தயாரிப்புப் பிரிவு) எடு, இல்லையென்றால் அனாலிசிஸ் (மருந்துப் பகுப்பாய்வு) எடு என்று சொல்லியிருப்பார்கள். எம்.ஃபார்முக்கான நுழைவுத் தேர்வான ஜிபேட்டில் தேறியிருப்பீர்கள். "இவ்வளவு படிச்சிட்டு இலை தழையைப் படிக்கப் போறியா?" என்று ஒரு சித்தப்பாவாவது கேட்டிருப்பார். எனக்கு அதைக் கேட்டவர் என் சொந்தத் தாய்மாமா.

எங்கள் அப்பா தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே சுக்கு, அதிமதுரம், சித்தரத்தை, வசம்பு எல்லாம் எனக்கு வாசனையில் தெரியும். அதனால் இந்தப் பாடத்தை நான் தேர்ந்தெடுத்தேன் என்பதை விட, வீட்டுக்குள் இருந்ததையே படிக்கப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே போனபோது எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. மொத்தம் 4 செமஸ்டர். முதல் செமஸ்டரில் நவீனப் பகுப்பாய்வு முறைகள் பற்றிய தாள் பெரும்பாலான பிரிவுகளுக்கும் ஒன்றுதான். யூ.வி., ஐ.ஆர்., என்.எம்.ஆர்., மாஸ், குரோமட்டோகிராஃபி என்று சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் கருவி முறைகள் எல்லாம் அனாலிசிஸ் எடுத்தவர்கள் படிப்பதைத்தான் நாமும் படிக்கிறோம். அதனால் "உங்களுக்கு மெஷின் தெரியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நமக்கு அதற்கு மேலாக ஒரு வேலை இருக்கிறது. மெஷினுக்குள் போவது என்ன செடி என்று தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை ஆராய்பவருக்கு உள்ளே ஒன்றோ இரண்டோ மருந்துப் பொருள், அதன் பெயரும் அளவும் அட்டையிலேயே இருக்கும். நம் கையில் வரும் ஒரு பிடி சரக்குக்குள் நூற்றுக்கணக்கான சேர்மங்கள். அவையும் மண், மழை, பறித்த மாதம், காயவைத்த விதம் எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும்.

என் ப்ராஜெக்ட் கீழாநெல்லி. அதில் பில்லாந்தின் என்ற சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, வெவ்வேறு கரைப்பான்களில் எடுத்த சாறுகளை ஒப்பிட வேண்டும். சரக்கு எங்கள் கடையிலிருந்தே கொண்டு போனேன். கூடப் படித்தவர்கள் மொத்தக் கடைகளில் அலைந்தபோது, "எங்கப்பா கடைச் சரக்கு" என்று நான் பெருமையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அரைத்து, சாக்ஸ்லெட் என்ற சாறு இறக்கும் கண்ணாடிக் கருவியில் மெத்தனால் ஊற்றிச் சாறு எடுத்து, டி.எல்.சி. என்ற தட்டுச் சோதனை ஓட்டினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிலிக்கா பூசிய அலுமினியத் தட்டில் ஒரு துளி சாறும் பக்கத்தில் ஒரு துளி சுத்தமான பில்லாந்தினும் வைத்து, தட்டின் அடிவிளிம்பைக் கரைப்பானில் நிறுத்த வேண்டும். கரைப்பான் மேலே ஏற ஏறச் சேர்மங்கள் தனித்தனியாகப் பிரியும். பிறகு வனிலின், கந்தக அமிலம் கலந்த திரவத்தைத் தெளித்துச் சூடு பண்ணினால் புள்ளிகள் நிறம் காட்டும். சுத்தமான பில்லாந்தின் நின்ற உயரத்திலேயே நம் சாற்றிலும் ஒரு புள்ளி வர வேண்டும்.

முதல் தட்டில் லேசாக வந்தது. இரண்டாவது தடவை அரைத்த பொடியில் நன்றாக வந்தது. மூன்றாவதில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. ஒரே மூட்டை, ஒரே முறை, ஒரே கை. கொழுப்பு நீக்குவதற்காக முதலில் பெட்ரோலியம் ஈதரில் கழுவினேனே, அதோடு பில்லாந்தின் போய்விட்டதோ என்று பயந்து (அது ஈதரிலும் ஹெக்ஸேனிலும் கரையும்) கொட்ட வைத்திருந்த ஈதரையும் ஓட்டிப் பார்த்தேன். கரைப்பான் விகிதத்தை மாற்றினேன். புதுத் தட்டு வாங்கினேன். 10 மில்லிகிராம் பில்லாந்தின் குப்பி என் ஒரு மாத மெஸ் பில்லை விட அதிக விலை, அதையும் இரண்டாவது தடவை வாங்கினேன். ஆகஸ்டில் தொடங்கியது, தீபாவளி வந்துவிட்டது. "உன் கை நிதானமில்லை" என்றார் வழிகாட்டி. நானும் அப்படித்தான் நம்பினேன். ராத்திரி அழுதிருக்கிறேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

வேறொரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாவிடம் சீனியர் அக்கா ஒருவர் கூட்டிப் போனார். நான் தட்டுகளை எடுத்துக் காட்டினேன். அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. "எந்தச் செடி?" என்று கேட்டார். இது இன்ன செடிதான் என்று உறுதி செய்து வாங்கிய சான்றிதழை நீட்டினேன். கீழாநெல்லியின் அறிவியல் பெயரான பில்லாந்தஸ் அமாரஸ் என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தெளிவாக இருந்தது. "இந்தச் சான்றிதழுக்கு எந்தச் செடியைக் காட்டினே?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. சான்றிதழ் வாங்க நான் கொண்டு போனது கல்லூரி வளாகத்தில் பிடுங்கிய பச்சைச் செடி. அரைத்தது மூட்டையில் வந்த காய்ந்த சரக்கு. எல்லா சீனியர்களும் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன். அந்தத் தாளுக்கும் என் பொடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மீதியிருந்த சரக்கில் ஒரு பிடி எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார். இலை விரிந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி, கைவில்லையைக் கொடுத்து, ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொன்னார். மூன்று குவியல் வந்தது. ஒன்று உண்மையான கீழாநெல்லி: காய் வழவழப்பு, சின்னக் காம்பில் இலைக்கு அடியில் தொங்கும், பேரே அதனால்தான் வந்தது. இன்னொன்றில் காய் காம்பில்லாமல் ஒட்டிக் கொண்டிருந்தது, மேலே சொரசொரப்பு, தண்டில் சிவப்பு ஓடியிருந்தது. அது பில்லாந்தஸ் யூரினேரியா. மூன்றாவது மேலாநெல்லி, பில்லாந்தஸ் மதராஸ்பாடென்சிஸ், நம் மதராஸின் பேரையே சுமக்கிற செடி. அதன் இலை ஆப்பு வடிவில் தண்டைச் சுற்றி இருக்கும், கீழாநெல்லி போல இரண்டு வரிசையாக நிற்காது. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கீழாநெல்லி இருந்தது. ஒவ்வொரு தடவை மூட்டையில் கைவிடும்போதும் வேறு விகிதத்தில் எடுத்திருக்கிறேன், தட்டும் ஒவ்வொரு தடவையும் அதை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. நான்தான் தட்டைச் சந்தேகப்பட்டேன்.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னதுதான் இந்தப் படிப்பிலேயே எனக்குக் கஷ்டமான நாள். "என்னட்டி சொல்லுத? முப்பது வருஷமா இதத்தான குடுத்துட்டு வாரேன்" என்றார். நான் எதுவும் பேசாமல் தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டேன். இரண்டு பேரும் கடை அடைத்த பிறகு உட்கார்ந்து பிரித்தோம். அப்பாவுக்குப் பச்சைச் செடி என்றால் தூரத்திலிருந்தே தெரியும். காய்ந்து நொறுங்கி மூட்டையில் வந்தபோது மொத்த வியாபாரியின் சொல்லை நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். வியாபாரி வேண்டுமென்றே கலந்தார் என்றும் நான் சொல்ல மாட்டேன். மூன்றும் பார்க்க ஒன்று போல இருக்கும், பறிக்கிறவர்கள் கைக்கு வந்ததைப் பிடுங்கியிருக்கலாம். அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு, வயல் வேலைக்குப் போகும் அக்காக்களிடம் சொல்லிப் பச்சையாகவே வாங்கி, அப்பாவே பிரித்து நிழலில் காயவைத்தார். என் ஆய்வுக்கும் அந்தச் சரக்குதான். இந்த முறை சான்றிதழுக்கான மாதிரிச் செடியையும் அதே சரக்கிலிருந்துதான் எடுத்துத் தாளில் ஒட்டினேன். பில்லாந்தின் புள்ளி ஒவ்வொரு தட்டிலும் ஒரே மாதிரி வந்தது.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. 1988-ல் சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி பற்றிய ஆய்வை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன் என்பதற்குப் பல காரணங்கள் பேசப்பட்டன, எந்த இனச் செடி, எங்கே வளர்ந்தது, எப்படித் தயாரித்தது என்பதும் அவற்றில் உண்டு. செடியின் பெயரும் தயாரிப்பும் உறுதியாக இல்லாத இடத்தில், மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே பதில் சொல்ல முடியாது. நம் படிப்பு நிற்பது அந்த இடத்தில்தான்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவம் பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சோறு அதிலிருந்து வந்தது. அதே சமயம், மஞ்சள் காமாலைக்கு யார் சொன்னாலும் எதையாவது அரைத்துக் குடியுங்கள் என்றும் சொல்லவில்லை. காமாலை வந்தால் ரத்தம் பரிசோதித்து மருத்துவரைப் பாருங்கள். "பாட்டன் காலத்தில் எந்த மெஷின் இருந்தது?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று: பாட்டன் செடியைத் தானே பறித்தார். நாம் பாக்கெட்டில் வாங்குகிறோம். அசோகப்பட்டை என்று கேட்டால் நெட்டிலிங்கப் பட்டை கலந்து வரும் காலம் இது. ஊரில் பாதிப் பேர் நெட்டிலிங்கத்தையே அசோக மரம் என்று கூப்பிடுகிறோம், கலப்பவருக்கு அது இன்னும் வசதி.

சாறு எடுக்கும் முறைக்கும் ஒரு வார்த்தை. கொதிக்கவைத்தால்தான் சத்து இறங்கும் என்று நினைப்பவர்கள் சீன விஞ்ஞானி டூ யூயூவின் வேலையைப் படித்துப் பாருங்கள். மலேரியாவுக்கு எதிராக அவர் தேடிய செடியின் சாறு ஒரு தடவை வேலை செய்யும், மறுதடவை செய்யாது. பழைய சீன மருத்துவ நூல் ஒன்றில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்து, அதிகச் சூடு இல்லாமல் ஈதரில் எடுத்தபோதுதான் பலன் நிலைத்தது. அதற்குத்தான் 2015 நோபல். என் தட்டு மாறி மாறிக் காட்டிய நாட்களில் இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருந்து போகவே மாட்டேன் என்கிறது. நான் படித்த இடத்தில் பெண்கள் விடுதிக் கதவு மாலை ஆறரைக்கு மூடிவிடுவார்கள். சிலிக்கா அடைத்த கண்ணாடிக் குழாயில் சாறு ஊற்றிச் சேர்மம் பிரிப்பது ஆறரைக்கு நிற்கிற வேலை இல்லை. பையன்கள் ராத்திரி பத்து வரை லேபில் இருந்து சொட்டுச் சொட்டாகச் சேகரிப்பார்கள். நான் அடைப்பைத் திருகி மூடிவிட்டு ஓட வேண்டும், காலையில் வந்து பார்த்தால் பிரிந்திருந்த பட்டைகள் ஒன்றோடொன்று பரவிக் கலந்திருக்கும். கடிதம் எழுதினோம், "பாதுகாப்புக்காகத்தான்" என்று பதில் வந்தது. பாதுகாப்பு வேண்டும் என்றால் லேப் வாசலில் ஒரு காவலரைப் போடலாமே. அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பெண்கள் இதனாலேயே எளிதான தலைப்புக்கு மாறினார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பெண்ணாக இருந்தால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது லேப் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். ரேங்க் பட்டியலை விட அது முக்கியம்.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் இப்போது மூலிகைச் சாறு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வரும் ஒவ்வொரு லாட்டுக்கும் முதலில் செடி அடையாளம், பிறகு ஈரம், சாம்பல், அமிலத்தில் கரையாத சாம்பல், எச்.பி.டி.எல்.சி. (அதே தட்டுச் சோதனையின் துல்லியமான கருவி வடிவம்), அப்புறம் கன உலோகங்கள். ஈயம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பது ஆயுஷ் வரம்பு, அதைத் தாண்டினால் லாரி திரும்பிப் போகும். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் 2015-ல் பைட்டோஃபார்மசூட்டிகல் (தரப்படுத்திய தாவரச் சாற்று மருந்து) என்று ஒரு தனி வகையே சட்டத்தில் வந்துவிட்டது. குறைந்தது நான்கு சேர்மங்களையாவது அடையாளம் கண்டு அளந்து காட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் நம் பிரிவிலிருந்துதான் வர வேண்டும். ஜிபேட்டில் தேறியிருந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, அதை விடாதீர்கள். மொஹாலியில் உள்ள நைப்பர் என்ற தேசிய மருந்தியல் கல்வி நிறுவனத்தில் நேச்சுரல் ப்ராடக்ட்ஸ் (இயற்கைப் பொருட்கள்) முதுகலை இருக்கிறது, முடிந்தால் அதற்கும் எழுதுங்கள்.

சேர்ந்துவிட்டால் ஒன்று மட்டும் செய்யுங்கள். தலைப்பைப் பதிவு செய்யும் முன், நீங்கள் அரைக்கப் போகும் அதே சரக்கிலிருந்து பூவும் காயும் உள்ள மாதிரியைத் தேடி எடுங்கள். தாளில் ஒட்டி, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறைக்கோ, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்துக்கோ (உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகம்) கொண்டு போய், செடி இன்னதுதான் என்று சான்றிதழ் வாங்குங்கள். பூ இல்லாமல் வெறும் இலையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் மழைக்காலத்தைக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.