உருகிய உப்பிலிருந்து பேட்டரிக்கான கார்பனைத் தயாரிக்க முடியுமா? அதனால் காற்றிலுள்ள கரியமில வாயு குறையுமா?

முடியும். முதல் கேள்விக்கு அவ்வளவுதான். இரண்டாவதற்கு, கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

இதைப் பற்றி நீங்கள் எங்காவது படித்திருந்தால், அது அநேகமாக அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஸ்டூவர்ட் லிக்ட்டின் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். அவர்கள் எடுத்துக்கொண்ட உப்பு லித்தியம் கார்பனேட்; அது 723 டிகிரி செல்சியஸில் உருகும். அதை இன்னும் கொஞ்சம் சூடாக்கி மின்சாரம் பாய்ச்சினால், எதிர்மின்வாயில் கார்பன் நுண்ணிழைகளாகப் படிகிறது, நேர்மின்வாயில் ஆக்ஸிஜன் வெளியேறுகிறது. மிஞ்சும் லித்தியம் ஆக்ஸைடு, உள்ளே விடும் கரியமில வாயுவைப் பிடித்து மறுபடி கார்பனேட் ஆகிவிடும்.

கணக்குப்படி லித்தியம் தீராது. ஆனால் வெளியே எடுக்கும் கார்பனோடு உப்பும் ஒட்டிக்கொண்டு வரும். இந்த உப்பு தண்ணீரில் லேசில் கரையாது. சுடுதண்ணீரில் இன்னும் மோசம். அமிலம் விட்டுத்தான் கழுவ வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்தக் கழுவல்தான், என்னைக் கேட்டால், தொழிற்சாலை அளவில் பெரிய தலைவலி.

கரண்ட் கணக்குக்கு வருவோம். ஒரு கார்பன் அணுவுக்கு 4 எலக்ட்ரான் வேண்டும். 1 கிலோ கார்பனுக்கு ஏறக்குறைய 8,900 ஆம்பியர்-மணி. வெறும் 1 வோல்ட்டில் ஓடினால்கூட 9 யூனிட்; உலைச் சூட்டுக்கு ஆகும் செலவு தனி. அந்த 1 கிலோவுக்குள் அடங்கும் கரியமில வாயு 3.67 கிலோ. நிலக்கரி எரித்து எடுத்த கரண்ட் என்றால் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ வாயு புகைபோக்கி வழியே போயிருக்கும். பிடித்ததைவிட விட்டது இரண்டு மடங்குக்கு மேல்! சூரிய மின்சாரம், காற்றாலை என்றால் கதை வேறு.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது அதிகம் பேசப்படாத இன்னொரு வழி. லித்தியம் பேட்டரியின் ஆனோடுக்கு (எதிர்முனைக்கு) வேண்டிய செயற்கை கிராஃபைட்டை, அதாவது அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்த கார்பனை, செய்ய, கார்பனை 3,000 டிகிரி வரை சுட வேண்டியிருக்கிறது. 2017-ல் வூகான் பல்கலைக்கழகத்தில், உருகிய கால்சியம் குளோரைடில் சாதாரணக் கரியை எதிர்மின்வாயாக வைத்து, சுமார் 800 டிகிரியிலேயே கிராஃபைட் ஆக்கிக் காட்டினார்கள். கரியிலுள்ள ஆக்ஸிஜன் அயனியாகக் கழன்று உப்புக்குள் போய்விட, கார்பன் அணுக்கள் இடம் மாறி அடுக்கடுக்காக அமைகின்றன. கால்சியம் குளோரைடு விலையும் மலிவு, தண்ணீரில் சுலபமாகக் கரையவும் செய்யும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா என்று யாராவது கமெண்டில் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். உருகிய உப்பில் ஈரமான ஒரு கம்பி பட்டால் போதும், நீராவி வெடித்து எல்லாம் முகத்தில் தெறிக்கும்.