காய்ந்த தூள் வேறு, கம்போஸ்ட் வேறு

கேள்வி: சமையலறையில் வைக்கும் உர மெஷின் வாங்கியிருக்கிறோம். ராத்திரி காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் போட்டு பட்டனை அமுக்கினால், காலையில் காப்பித்தூள் மாதிரி வந்துவிடுகிறது. அதில் இரண்டு கைப்பிடி எடுத்துத் தொட்டிச் செடிக்குத் தூவினேன். மூன்றாம் நாளே மண்மேல் வெள்ளைப் பூஞ்சை, தண்ணீர் ஊற்றினால் நாற்றம். உரம் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அது இன்னும் உரமாகவே ஆகவில்லை. உங்களுடையது உலர்த்தி அரைக்கும் ரகம். சமையல் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மெஷின் அதை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சியதைப் பொடியாக்குகிறது. ஒரு கிலோ போட்டால் 250 கிராம் போல மிஞ்சும். மக்குவது நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. ஈரமில்லாத இடத்தில் அவை வேலை செய்யாது; சில மணி நேரத்தில் முடிகிற வேலையும் அல்ல அது. உங்கள் தூளில் ஈரம் பட்ட பிறகுதான், தொட்டிக்குள்ளேயே மக்கல் ஆரம்பித்திருக்கிறது. பூஞ்சை அதன் அடையாளம். பூஞ்சையால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மக்கும்போது வேர்ப்பகுதியில் காற்று குறையும், சூடு கிளம்பும், மண்ணிலுள்ள தழைச்சத்தையும் (நைட்ரஜன்) நுண்ணுயிர்கள் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும். இளஞ்செடி இதைத் தாங்காது.

மேல்மண்ணைத் தூளோடு வழித்து எடுத்துவிடுங்கள். அடியில் ஓட்டை போட்ட வாளியில் ஒரு பங்கு தூளுக்குப் பத்துப் பங்கு பழைய தொட்டி மண் கலந்து தண்ணீர் தெளியுங்கள். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளிக்கு மேல் கசியக் கூடாது. மேலே இரண்டு அங்குலம் வெறும் மண்ணால் மூடினால் ஈ வராது. நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மக்கிவிட்டதா என்று பார்க்க, ஈரமான கலவையை ஒரு பையில் காற்றுப் போகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்தால் மழை மண் வாசம் வரவேண்டும். புளிப்போ அழுகலோ அடித்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். உடனே வேலை இல்லையென்றால் தூளை ஈரம் படாத டப்பாவில் மூடி வைக்கலாம், மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் இந்த ரகத்தின் உண்மையான பயன் இதுதான்.

கேள்வி: எங்களுடையது நுண்ணுயிர்த் தூள் போட்டு, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின். ஒரு மாதம் நன்றாக இருந்தது. இப்போது உள்ளே களி மாதிரி ஒட்டுகிறது, புளித்த வாடை.

பதில்: ஈரம் கூடி, காற்று போகாமல் அடைத்துக்கொண்டது. சோறு, ரொட்டி, சர்க்கரைப் பண்டம், குழம்பு இவற்றை ஒரேயடியாகக் கொட்டினால் இப்படித்தான் ஆகும். இரண்டு நாள் எதுவும் போடாதீர்கள். ஆனால் மெஷினை அணைக்கவும் கூடாது, கிளறலும் காற்றும் நின்றால் நிலைமை மோசமாகும். இரண்டு கைப்பிடி மரத்தூளோ, துண்டாகக் கிழித்த பழுப்பு அட்டையோ போடுங்கள். மூக்கு சொல்வதையும் கவனியுங்கள். புளிப்பு என்றால் காற்றுப் பஞ்சம். மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி என்றால் இறைச்சி, பருப்பு போன்ற தழைச்சத்துச் சரக்கு மிகுந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து அதே மரத்தூள்தான். அள்ளும்போது மெஷினின் உள்தொட்டியைச் சுத்தமாக வழிக்காமல் கால் பங்கை விட்டுவையுங்கள். அடுத்த கழிவை மக்க வைக்கும் உறைமோர் மாதிரி அது.

கேள்வி: அரைக்கும்போது கடகடவென்று சத்தம் வந்து நின்றுவிட்டது.

பதில்: பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டுத் திறந்து பாருங்கள். பழக்கொட்டை, பெரிய எலும்பு, சோளக்கட்டை இவற்றில் ஒன்று பிளேடுக்கும் சுவருக்கும் நடுவே செருகியிருக்கும். எதுவும் இல்லையென்றால், சோறு பாகாகிச் சுவரில் இறுகியிருக்கும். வாளியை வெளியே எடுத்து, வெந்நீர் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, மரக்கரண்டியால் சுரண்டுங்கள். கத்தி வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். சோற்றைத் தனியாகப் போடாமல் காய்கறித் தோலோடு கலந்து போட்டால் ஒட்டாது. நீள நாருள்ள தண்டுகளை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள், முழுசாகப் போட்டால் பிளேடு சுழலும் அச்சில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும்.

கேள்வி: உலர்த்தி அரைக்கும் மெஷின் கரண்ட் அதிகம் இழுக்குமா?

பதில்: கணக்குப் போட்டுவிடலாம். ஒரு கிலோ தண்ணீரைச் சூடேற்றி ஆவியாக்க சுமார் 0.7 யூனிட் தேவை. இதை எந்த மெஷினும் ஏமாற்ற முடியாது. ஒரு கிலோ கழிவில் 750 கிராம் தண்ணீர் என்றால் அரை யூனிட்டுக்கு மேல் அதற்கே போய்விடும். வீணாகும் சூடு, மோட்டார், விசிறி தனி. குறைக்க வழி, கழிவைச் சல்லடையில் ஒரு மணி நேரம் வடியவிடுவது. வடிந்த 100 கிராம் தண்ணீருக்கு 0.07 யூனிட் மிச்சம். கால் வாளிக்கு ஓட்டாதீர்கள், வாளியைச் சூடாக்கும் செலவு எப்படியும் உண்டு.

கேள்வி: 'மக்கும் பை' என்று அச்சடித்த பையோடு சேர்த்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலானவை பெரிய உரக்கிடங்கில் 55 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் கிடந்தால் மக்குபவை. உங்கள் மெஷினில் உருகி பிளேடில் ஒட்டும், இல்லையென்றால் பொடிப்பொடியாகக் கிழிந்து மண்ணுக்குப் போகும். தேநீர்ப் பையையும் பிரித்து, உள்ளே இருப்பதை மட்டும் போடுங்கள்; பல பைகளில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது.