வேகம் ரவுட்டரிலா, கம்பியிலா?

கேள்வி: எங்கள் வீடு களுவாஞ்சிகுடியில், பிரதான வீதியிலிருந்து நல்லா உள்ளுக்கு. ரெலிபோன் லைனில்தான் இன்டர்நெட். "16 எம்பிபிஎஸ் வரை" என்று எடுத்த பக்கேஜில் 3தான் வருகிறது. எக்ஸ்சேஞ்சுக்குக் கிட்ட இருக்கிற மச்சான் வீட்டில் அதே பக்கேஜுக்கு 14. மாரி தொடங்கினால் எங்களுக்கு அந்த மூன்றும் அறுந்தறுந்துதான். கடையில் 18,000 ரூபாய்க்கு ஒரு ரவுட்டரைக் காட்டி, "இதைப் போட்டால் சரி" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பொறுங்கள். முதலில் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ரெலிபோன் வயர் செருகும் சின்னத் துவாரம் இருக்கிறதா? கடைகளில் கிடைக்கும் பல ரவுட்டர்களில் அது இருக்காது. அப்படியானதை வாங்கினால் ரெலிபோன் லைனோடு பேசும் பெட்டியான பழைய மோடத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

துவாரம் இருந்தாலும் மச்சான் வீட்டு வேகம் வராது. நாம் பேசும் குரலுக்கு அந்தச் செப்புக் கம்பியில் 4 கிலோஹேர்ட்ஸ் போதும். அதற்கு மேலே வெறுமையாகக் கிடக்கும் இடத்தைத்தான், ரெலிபோன் கம்பியில் இன்டர்நெட் அனுப்பும் முறையான ஏடிஎஸ்எல் எடுத்துக்கொள்கிறது: ஏறத்தாழ 25 கிலோஹேர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹேர்ட்ஸ் வரை, அதன் பிந்திய வடிவமான ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்றால் 2.2 வரை. அதனால்தான் கோல் பேசிக்கொண்டே இன்டர்நெட்டும் பார்க்க முடிகிறது. இந்த இடம் நூற்றுக்கணக்கான சிறு ஓடைகளாகப் பிரிந்திருக்கிறது. மோடத்தைப் போட்டதும் ஒரு லைட் கொஞ்ச நேரம் மின்னுமே, அப்போது அது எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியோடு பேசி, எந்த ஓடையில் எவ்வளவு அனுப்பலாம் என்று ஒவ்வொன்றாக அளந்து பார்க்கிறது.

கம்பி நீள நீள, மேலே உள்ள ஓடைகள்தான் முதலில் வற்றும். கம்பியின் தடிப்பையும் பொறுத்தது என்றாலும், 1 கிலோமீற்றருக்குள் 20 வரை போகும் லைன் 5 கிலோமீற்றரில் 2க்கு இறங்கிவிடும். காகம் பறக்கிற தூரம் கணக்கில்லை, கம்பி சுற்றி வருகிற தூரம்தான் கணக்கு. "வரை" என்ற சொல்லைச் சின்ன எழுத்தில் போடுவது இதற்காகத்தான். அதைப் பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்கு அறுவது வேறு கதை. கடற்காற்றில் கம்பியின் மூட்டுகள் களிம்பு பிடிக்கும், மாரியில் அதற்குள் தண்ணீர் இறங்கும். மழை நேரம் ரிசீவரைத் தூக்கி, ஒரு இலக்கத்தை அழுத்திவிட்டுக் காது கொடுங்கள். கரகரவென்று கேட்டால் பழுது லைனில். "நெட் ஸ்லோ" என்று முறையிடாதீர்கள், "போனில் இரைச்சல்" என்று முறையிடுங்கள். முன்னதற்கு மோடத்தை நிறுத்திப் போடச் சொல்வார்கள். பின்னதற்கு ஆள் வந்து மூட்டைத் திறந்து பார்க்க வேண்டிவரும்.

அதற்கு முன் வீட்டுக்குள் ஒரு சோதனை. மற்றப் போன்களையெல்லாம் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் வரும் முதல் சொக்கெட்டில் மோடத்தை நேரே செருகுங்கள். வேகம் ஏறினால், அறைக்கு இழுத்த எக்ஸ்டென்ஷன் வயரோ, ஸ்பிலிட்டர் (குரலையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) போடாத போனோதான் குற்றவாளி. சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். மோடத்தின் செட்டிங் பக்கத்தில் "நொய்ஸ் மார்ஜின்" என்ற எண்ணையும் பாருங்கள்; இரைச்சலைத் தாங்க லைனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்லும். 10க்கு மேல் நல்லது, 6க்குக் கீழ் போனால் அறும்.

லப்டொப்பை மோடத்தோடு வயரில் இணைத்தால் நல்ல வேகம், பின்னறையில் மட்டும் வைஃபை இல்லை என்றால்தான் புது ரவுட்டருக்குக் காசு செலவழிக்கலாம். உங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள். கண்ணாடி இழையில் போவது ஒளி, இந்தத் தூரமெல்லாம் அதற்குத் தூரமே இல்லை. அதுவரை, இடி முழங்கினால் பிளக்கோடு ரெலிபோன் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும்.

கேள்வி: 8 எம்பிபிஎஸ் லைன் என்றார்கள். டவுன்லோட் போட்டால் 1 எம்பிக்கு மேல் காட்டவில்லை. ஏமாற்றுகிறார்களா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: இல்லை. லைனை பிட்டில் விற்கிறார்கள், டவுன்லோட் பைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். உங்களுக்குக் கிட்டத்தட்ட முழுசாகவே வருகிறது.