கேளுங்கள், சொல்கிறேன்: 41 வாடகைக் கார்கள்

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, 2020 கொரோனா காலத்தில் மாமனாரும் நானும் சமையலறை ரேடியோவில் பேஸ்பால் கேட்டதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். ஊரிலிருந்து வந்து விமானம் இல்லாமல் அமெரிக்காவில், செயிண்ட் லூயிஸில் எங்களோடு மாட்டிக்கொண்டவர் அவர். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். பிடிக்காதவர்கள் நேரே ராசிபலனுக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எஸ்.கே., கும்பகோணம்: எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். 2020இல் பேஸ்பாலுக்கு அப்படி என்ன ஆகிவிட்டது? ஐ.பி.எல். கூடத்தான் தள்ளிப்போனது.

ஐ.பி.எல். தள்ளிப்போய் அரபு நாட்டில் நடந்தது, வாஸ்தவம். ஆனால் ஆட்டம் ஒன்றுகூடக் குறையவில்லை. இறுதிப் போட்டியோடு சேர்த்து வழக்கமான 60. இங்கே மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடும். மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை, கிட்டத்தட்ட தினமும். அதை அணிக்கு 60 என்று வெட்டிவிட்டார்கள்.

அந்தத் 'தினமும்' போனதுதான் எனக்குப் பெரிய இழப்பு. பேஸ்பாலை எங்கள் வீட்டில் யாரும் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்ப்பதில்லை. ரேடியோ பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு வெங்காயம் நறுக்குவேன். இரண்டு நாள் விட்டுவிட்டாலும் குடி முழுகாது, தொடர்கதை மாதிரி மூன்றாம் நாள் சேர்ந்துகொள்ளலாம். அணி தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்றால்கூட, இன்னும் நூறு பாக்கியிருக்கிறதே என்று தோசையைத் திருப்பிப் போடலாம். 60 என்றதும் அந்தச் சாவகாசம் போச்சு.

மார்ச் 12ஆம் தேதி பயிற்சி ஆட்டங்களை நிறுத்தினார்கள். 26ஆம் தேதி தொடங்கியிருக்க வேண்டிய சீசன் ஜூலை 23இல் தொடங்கியது. தாமதத்துக்குக் கிருமி மட்டும் காரணமில்லை, காசும்தான். ஆடும் ஆட்டத்துக்கு ஏற்பச் சம்பளம் என்று மார்ச்சிலேயே பேசி முடித்திருந்தார்கள். டிக்கெட் விற்காமல் அதுவும் கட்டுப்படியாகாது, இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளிகள் மறுபடி ஆரம்பித்தார்கள். வீரர்கள் சங்கம் முடியாது என்றது. தெருவில் பாதிப் பேருக்கு வேலை இருக்குமா என்று தெரியாத நேரத்தில் இந்தப் பேரம். இரண்டு பக்கத்தின் மேலும் எனக்கு எரிச்சல், முதலாளிகள் மேல் கொஞ்சம் கூடுதலாக. கடைசியில் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட் தாமாகவே 60 என்று அறிவித்தார்.

முதல் ஆட்டம் வாஷிங்டனில். சம்பிரதாயமான முதல் பந்தைப் போட, அமெரிக்காவின் தொற்றுநோய் நிபுணர் டாக்டர் ஆண்டனி ஃபாச்சியைக் கூப்பிட்டிருந்தார்கள். முகக்கவசத்தோடு வந்து போட்டார். பந்து, பிடிக்க உட்கார்ந்திருந்த கேட்ச்சரைச் சீண்டாமல் எங்கோ ஓரமாக விழுந்தது. "பந்துகூட சமூக இடைவெளி விட்டுத்தான் போவுது" என்றார் மாமா. நாலு மாதம் காத்திருந்த அந்த ஆட்டமும் ஒன்பது இன்னிங்ஸ் போகாமல், மழையால் ஆறாவதோடு நின்றது.

வாசகி, ஈரோடு: உங்கள் மாமனாருக்கு பேஸ்பால் எப்படிப் பழக்கமானது? நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா?

கொரியாக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். தஞ்சாவூரிலிருந்து ஜனவரியில் ஆறு மாதம் தங்க வந்தார். மார்ச்சில் விமானம் நின்றது. பேத்திக்குப் பள்ளிக்கூடம் லேப்டாப்பில், எனக்குக் கணக்கு வேலை சாப்பாட்டு மேஜையில், அவருக்கு ஒன்றுமே இல்லை. காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும் மனிதர். டிவியைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு உட்காருவார்.

கொரியாவில் மே 5ஆம் தேதியே சீசனைத் தொடங்கிவிட்டார்கள். காட்ட வேறு விளையாட்டே இல்லாத இ.எஸ்.பி.என். அதை நேரலையில் ஒளிபரப்பியது. அங்கே மாலை ஆறரை, இங்கே விடிகாலை நாலரை. இவருக்கென்றே வைத்த நேரம் மாதிரி. ஒரு மாதத்துக்குள் என்.சி. டைனோஸ் அணியில் யார் நன்றாக அடிக்கிறான் என்று எனக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அங்கே பந்தை வெளுத்துவிட்டு மட்டையைச் சுழற்றி எறிவார்கள், அது அவருக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்தால் அடுத்த முறை பந்து முதுகுக்கு வரும் என்றேன். "ரசனை கெட்ட பயலுவ" என்றார்.

எங்கள் ஊர் அணியான கார்டினல்ஸுக்கு அந்த வருடம்தான் கொரியாவிலிருந்து குவாங் ஹியுன் கிம் என்ற பிட்ச்சர், அதாவது பந்து போடுகிறவர், வந்திருந்தார். குடும்பம் அங்கே, இவர் இங்கே. விட்டு வந்த லீக் நடக்கிறது, வந்து சேர்ந்த லீக் நடக்கவில்லை. அணியின் மூத்த பிட்ச்சர் ஆடம் வெயின்ரைட்தான் இவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அந்த நாலு மாதமும் பந்து போட்டுப் பழகினார். பேப்பரில் இதைப் படித்துச் சொன்னேன். அன்றிலிருந்து மாமாவுக்குக் கிம் நம்ம வீட்டுப் பிள்ளை. ஜூலை 24ஆம் தேதி எங்கள் அணியின் முதல் ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸ் போட வந்து, பிட்ஸ்பர்க்கை 5-4க்கு முடித்துக் கொடுத்தது கிம்தான்.

பி.ஆர்., விருதுநகர்: ஆளே இல்லாத மைதானத்தில் ஆட்டம் சப்பென்று இருந்திருக்குமே?

இருக்கைகளில் அட்டை மனிதர்களை நிறுத்தினார்கள், ரசிகர்களின் போட்டோவை வெட்டி ஒட்டி. காசு கட்டினால் நம் முகமும் கேட்ச்சருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருக்கும். கூட்டத்தின் சத்தத்தை வீடியோ கேமிலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் விட்டார்கள். அதற்கென்று ஓர் ஆள் பொத்தானோடு உட்கார்ந்திருப்பார். அவர் அரை விநாடி தாமதித்தால் ஆரவாரமும் தாமதித்து வரும், பந்து எப்போதோ எல்லைச் சுவரைத் தாண்டியிருக்கும்.

ஆனால் நாங்கள் ரேடியோக்காரர்கள். ஃப்ரிட்ஜ் மேலே ஒரு பழைய பெட்டி, 1120இல் கே.எம்.ஓ.எக்ஸ். வெளியூர் ஆட்டங்களுக்கு அந்த வருடம் வர்ணனையாளர்கள் பயணம் போகவில்லை, உள்ளூரில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே சொன்னார்கள். இதைக் கேட்டதும் மாமாவுக்கு நம்பிக்கை விட்டுப்போனது. பொங்கல் டெஸ்டுக்கு சேப்பாக்கத்திலிருந்து வானொலியில் தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்தவர். "அவங்க பார்க்கறதும் டிவி, நம்மகிட்ட இருக்கறதும் டிவி. நடுவுல எதுக்கும்மா ரேடியோ?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் வெங்காயம் நறுக்குகிறவளுக்கு ரேடியோதானே சரி?

என்.எம்., தூத்துக்குடி: உங்கள் அணிக்கே தொற்று வந்து ஆட்டம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். விவரம் சொல்லுங்கள்.

முதலில் மயாமிக்குத்தான் வந்தது. சீசன் தொடங்கிய மூன்றாம் நாளே மார்லின்ஸ் அணியில் ஆரம்பித்து, வீரர்கள் மட்டும் 18 பேருக்குத் தொற்று. ஐயோ பாவம் என்று நாங்கள் பரிதாபப்பட்டோம். அந்த வாரக் கடைசியிலேயே எங்களுக்கு.

கார்டினல்ஸ் ஐந்தே ஆட்டம் ஆடியிருந்தார்கள், இரண்டு வெற்றி, மூன்று தோல்வி. ஜூலை 29 மினசோட்டாவில் ஆடிவிட்டு மில்வாக்கி போய் இறங்கினால், தொற்று என்று பரிசோதனை முடிவு வந்தது. அன்றைய ஆட்டம் ரத்து. மறுநாளும் ரத்து. வீரர்கள் மில்வாக்கி ஓட்டலில் அவரவர் அறையில். எங்கள் கேட்ச்சர் யாடியர் மொலினாவுக்கு ஊரில் கிட்டத்தட்டக் குலதெய்வ அந்தஸ்து. தனக்கும் தொற்று என்று அவரே சொல்லிவிட்டார். அடுத்தடுத்த தொடர்களும் போயின.

அந்த இரண்டு வாரம் வீடு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் ஆறேமுக்காலுக்குக் கை தானாக ரேடியோவைத் திருகும், பழைய ஆட்டம் ஏதாவது ஓடும், நிறுத்திவிடுவேன். ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டியிருந்தோம். பேத்தி சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். மார்ச்சிலிருந்து ஜூலை வரை பேஸ்பால் இல்லாததைத் தாங்கிக்கொண்டோம், ஏனென்றால் எங்குமே இல்லை. இப்போது மற்ற ஊரிலெல்லாம் ஆடுகிறார்கள், எங்களுக்கு மட்டும் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலையை எடுத்த மாதிரி.

பிறகுதான் அந்தக் கார்கள். அடுத்த ஆட்டம் சிகாகோவில், சுமார் 480 கிலோமீட்டர். ஒரே பஸ்ஸிலோ விமானத்திலோ போனால் மறுபடி பரவிவிடும். அதனால் 41 கார்களை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு ஒன்றாக ஓட்டிக்கொண்டு போனார்கள். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஒற்றை ஆளாக, சோளக்காட்டு நடுவே, 55ஆம் எண் நெடுஞ்சாலையில். டீ குடிக்க எங்கே நிறுத்தியிருப்பார்கள் என்று மாமாவும் பேத்தியும் ஒரு முழு சாயங்காலம் விவாதித்தார்கள்.

ஆகஸ்ட் 15. ஒரே நாளில் இரண்டு ஆட்டம், சிகாகோ ஒயிட் சாக்ஸோடு. முதல் ஆட்டத்துக்கு வெயின்ரைட். 5-1. இரண்டாவது 6-3. இரண்டும் நமக்கு. நான் அன்றைக்கு வெங்காயம் நறுக்கவில்லை, உட்கார்ந்து கேட்டேன்.

அந்த நாளையும் சேர்த்து 44 நாளில் 53 ஆட்டம். கணக்குப் போட்டால் மூச்சு வாங்கும். கடைசியில் அநேகமாக எல்லோரும் 60 ஆடினால் எங்கள் அணி 58தான் ஆடியது, 30 வெற்றி, 28 தோல்வி. சின்சினாட்டிக்கு 60இல் 31. சதவீதம் போட்டுப் பார்த்தால் தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ ஒரு மயிரிழையில் எங்கள் பிரிவில் நாங்கள் இரண்டாம் இடம், அவர்கள் மூன்றாம் இடம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான், எனக்கே அது நியாயமாகப் படவில்லை. சந்தோஷமாக இருந்தது, அது வேறு.

டி.ஜே., நாகர்கோவில்: ஆட்டம் சமனானால் இரண்டாவது பேஸில் ஓர் ஆளைச் சும்மா நிறுத்திவிடுவார்களாமே?

ஆமாம், பத்தாவது இன்னிங்ஸிலிருந்து, ரன்னுக்குப் பாதி வழியில். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்பதற்காக. சும்மா வந்த ரன் எனக்குச் செரிக்காது. அந்த வருடத்துக்கு மட்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள், 2023இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். டபுள்ஹெடர், அதாவது ஒரே நாளில் ஆடும் இரண்டு ஆட்டங்களை, ஒன்பதுக்குப் பதில் ஏழு இன்னிங்ஸாகக் குறைத்ததை மட்டும் 2021க்குப் பிறகு கைவிட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது அதுதான்.

வாசகர், புதுச்சேரி: 1918 ஃப்ளூவின்போது என்ன செய்தார்கள்?

அப்போது முதல் உலகப் போர். போருக்காக செப்டம்பர் தொடக்கத்திலேயே சீசனைச் சுருட்டி, கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸையும் அந்த மாதமே முடித்துவிட்டார்கள். பாஸ்டன் ஜெயித்தது. ஃப்ளூ உச்சத்துக்குப் போனது அக்டோபரில்.

கே.வி., சேலம்: 60 ஆட்டம் ஆடி வாங்கிய கோப்பை செல்லுமா? உங்கள் தீர்ப்பு என்ன?

செல்லும். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 60இல் 43 ஜெயித்த அணி. பிளே ஆஃபுக்கு 30 அணியில் 16ஐ உள்ளே விட்டார்கள், அதனால் வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக ஏறித்தான் வந்தார்கள். வேர்ல்ட் சீரிஸ் முழுவதும் டெக்ஸாஸில் ஒரே மைதானத்தில், சொந்த ஊர்க் கூட்டம் இல்லாமல்.

ஆனால் ஆறாவது ஆட்டத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, நான் எதிரணியான டாம்பா பே பக்கம் என்பதால். அவர்களின் பிட்ச்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் போட்டிருந்தார், ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருந்தார், 1-0 முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் ஒருவன் பேஸுக்குப் போனதும் மேனேஜர் கெவின் கேஷ் அவரை வெளியே எடுத்தார். அடுத்து வந்தவரை மூக்கி பெட்ஸ் ஓங்கி அடித்தார். டாட்ஜர்ஸ் 3-1. மாமா அப்போது தஞ்சாவூரில் வீட்டுத் தனிமையில். அங்கே விடிந்து காப்பி நேரம். போன் வந்தது: "ஏம்மா, நல்லா போட்டுக்கிட்டிருந்தவனை எதுக்கு எடுத்தாங்க?" புள்ளிவிவரம் அப்படிச் சொல்கிறதாம் மாமா என்றேன். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், இந்த வீட்டுக்கு வந்து இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கெட்ட வார்த்தை.

அன்றைக்கே நடு ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் ஜஸ்டின் டர்னருக்குத் தொற்று என்று முடிவு வந்து, அவரை உள்ளே அனுப்பினார்கள். ஜெயித்ததும் மனிதர் திரும்ப மைதானத்துக்கு வந்து கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அது தப்பு. 41 கார் ஓட்டியவர்களின் ஊரில் இருக்கிறேன், வேறு மாதிரி சொல்ல வராது.

வாசகி, காரைக்குடி: உங்களுக்கு அந்த சீசன் எப்படி முடிந்தது? மாமனார் எப்போது ஊர் திரும்பினார்?

எங்களுக்கு அக்டோபர் 2ஆம் தேதி முடிந்தது. முதல் சுற்றின் மூன்றாவது ஆட்டம், சான் டியாகோவில். பாட்ரஸ் அணி ஒன்பது பிட்ச்சர்களை மாற்றி மாற்றி இறக்கி, எங்களை ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை. 4-0. ரேடியோவை அணைக்கப் போகும்போது பாப் கிப்சன் காலமானார் என்று செய்தி. வயது 84. அதற்கு முந்தைய மாதம்தான் லூ பிராக் போயிருந்தார், இருவரும் அறுபதுகளின் கார்டினல்ஸ் அணிக்குத் தூண்கள்.

யாரும்மா கிப்சன் என்று மாமா கேட்டார். 1968இல் அவரும் இதே மாதிரி எதிரணியை ரன்னே எடுக்க விடாமல் முடித்திருக்கிறார் என்றேன்.

"அவருகூட எத்தனை பேரு?"

"தனியா, மாமா. அந்த ஒரே வருஷத்துல 13 தடவை."

சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்தார்.

விசாவை நீட்டித்து நீட்டித்து, கடைசியில் அக்டோபர் நடுவில் வந்தே பாரத் விமானத்தில் இடம் கிடைத்தது. சிகாகோவிலிருந்து. இரவு மூன்று மணிக்குக் கிளம்பி நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். அவர் பின் சீட்டில், இரண்டு ஜன்னலும் திறந்து, இருவரும் முகக்கவசத்தோடு. ஸ்பிரிங்ஃபீல்ட் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். இறங்கி, பிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த ரோட்டுலதான அந்த 41 காரும் போச்சு?"

"இதேதான் மாமா."

"கிம் பையன் இங்க நிறுத்தியிருப்பானோ?" என்று கேட்டுவிட்டு, டாய்லெட் எங்கே என்று பார்க்கப் போனார்.