சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள்: பள்ளி வாசிப்பு மன்றம் பற்றிக் கேள்வி பதில்

நெல்லை, தென்காசிப் பக்கத்து ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. அரசுப் பள்ளியில் நூலகப் பொறுப்பும் வாசிப்பு மன்றமும் பார்த்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி (முக்கூடல் பக்கம், நடுநிலைப் பள்ளி ஆசிரியை): டீச்சர், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மன்றம் நடத்துகிறோம். படித்ததை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதித் தர வேண்டும். இப்போது வெள்ளிக்கிழமை என்றாலே பிள்ளைகள் முனகுகிறார்கள்.

பதில்: சுருக்கத்தை நிறுத்துங்கள், முனகல் பாதி நின்றுவிடும். படித்து முடித்தால் எழுத்து வேலை காத்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, இருப்பதிலேயே ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுக்கும். அதையும் பின்னட்டையைப் பார்த்து எழுதிவிடும். ஊர்க் கோயில் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்கிற பிள்ளைகள்தானே இவர்கள்? கதை பிடிக்காமல் இல்லை, கதைக்குப் பின்னால் வரும் பரீட்சைதான் பிடிக்கவில்லை.

முதல் பத்து நிமிடம் நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள். விறுவிறுப்பான இடத்தில் மூடிவிடுங்கள். அப்புறம் அவரவர் புத்தகம். பிடிக்காததைப் பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்கலாம். கடைசியில், சொல்ல ஆசைப்படுகிறவர்கள் மட்டும் சொல்லட்டும். ஒருவரும் வாய் திறக்காத வாரமும் வரும், விடுங்கள். ஆனால் ஒன்று: அவர்கள் வாசிக்கும்போது நீங்களும் வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் நோட்டுத் திருத்தினால், இது டீச்சருக்கே வேண்டாத வேலை என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி (அதே ஆசிரியை): வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் புத்தகம் பிரிக்காமலே திரும்பி வருகிறது. பெற்றோருக்கு அக்கறை இல்லையோ?

பதில்: அப்படிச் சொல்லிவிடாதீர்கள் அம்மா. உங்கள் பக்கம், ஆலங்குளம், கடையம் பக்கமெல்லாம் எத்தனை வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள்! சாயந்தரம் வீட்டுக்கு வந்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்ய வேண்டும். அதனால் வாசிப்புக்கான நேரத்தைப் பள்ளிக்குள்ளேயே ஒதுக்குவதுதான் நியாயம்.

வீட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. பீடி சுற்றுகிறவர்களுக்குக் கையில்தான் வேலை, காது சும்மாதான் இருக்கிறது. கியூபாவின் ஹவானா நகரில் 1865 முதல் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை, சுருட்டுச் சுற்றுகிறவர்கள்தான் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டுக் கொடுத்தார்கள். "அம்மாவுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டு" என்று சொல்லி அனுப்பிப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் இது நடக்கும்.

கேள்வி (தலைமையாசிரியர், சேரன்மகாதேவி வட்டாரம்): புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? அதனால் அலமாரியைப் பூட்டியே வைத்திருக்கிறேன்.

பதில்: பயம் புரிகிறது சார். ஆனால் நூலகத் துறையில் நாம் கொண்டாடுகிற எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே, புத்தகங்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். இருப்புப் பதிவேட்டில் ஏறியவற்றைத் தொடப் பயமாக இருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் சிறார் இதழ்களான 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' பழைய பிரதிகளில் தொடங்குங்கள். வகுப்பில் கயிறு கட்டி, அட்டை வெளியே தெரிகிற மாதிரி தொங்கவிடுங்கள். கொடுக்கல் வாங்கல் நோட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள். நம்மைவிடக் கறாராக வசூலிப்பார்கள்.

கேள்வி (ஒரு தாய், பாளையங்கோட்டை): என் மகன் ஏழாம் வகுப்பு. காமிக்ஸ் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறான். அதையும் படித்ததையே திருப்பித் திருப்பிப் படிக்கிறான்.

பதில்: படிக்கட்டும் அம்மா. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் வரத் தொடங்கியது. இன்றைக்குக் கனமான நாவல்களைப் பற்றிப் பேசுகிற அண்ணாச்சிகள் பலர் அங்கிருந்து கிளம்பியவர்கள்தான். திரும்பப் படிப்பதும் வீண் இல்லை. கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் எழுத்தில் தடுக்காமல் ஓடுகிற வேகம் பழகுகிறது.

கேள்வி (ஆசிரியர், அம்பாசமுத்திரம்): ஆறாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் மன்றத்தில் உட்காரவே கூச்சப்படுகிறார்கள்.

பதில்: தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் வரும் சிறு நூல்கள் இவர்களுக்குக் கைகொடுக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகள். படிநிலை புத்தகத்துக்கு மட்டும் இருக்கட்டும், "நீ நுழை" என்று பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடாதீர்கள் தம்பி. எல்லாவற்றையும் கலந்து பரப்பி வையுங்கள்.

இன்னொரு வேலை செய்யலாம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பை இவர்களுக்குக் கொடுங்கள். அப்போது சின்னப் புத்தகத்தை எடுப்பதில் கூச்சம் இராது. புத்தகத்தை முந்தின நாளே கொடுத்துவிட வேண்டும், தனியாகப் படித்துப் பார்த்துக்கொள்வார்கள். வரிசையாக எழுப்பித் திடீரென்று வாசிக்கச் சொல்வதை மட்டும் மன்றத்துக்குள் விடாதீர்கள்.

கேள்வி (மேலப்பாளையம்): அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பக்கம் புரட்டத்தான் பழகுவார்கள்.

கேள்வி (களக்காடு): வாங்கக் காசில்லை. புத்தகத்துக்கு எங்கே போவது?

பதில்: பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். பெரிய திரையில் போட்டு வகுப்பே சேர்ந்து வாசிக்கலாம், அச்சும் எடுத்துக்கொள்ளலாம். பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கும்போது, முன்னாள் மாணவர்களிடம் கேட்டு ஆளுக்கு ஐம்பது ரூபாயாவது திரட்டிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். காசை அவர்கள் கையிலேயே கொடுங்கள். பேய்க்கதையை எடுத்தால் முகம் சுளிக்காமல் பில் போடச் சொல்லுங்கள்.