மன்னார் வளைகுடாவில் காற்றாலை வந்தால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு நிஜமாகவே வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கடலில் காற்றாலை வந்துவிட்டது என்பதற்காக மட்டும் கிடைத்துவிடாது.

வேம்பார் பக்கம் என்றும், தம்பி எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான் என்றும் கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நானும் டிப்ளமோ தான், தூத்துக்குடிக்காரன். கயத்தாறு, ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலையில் ஏறி இறங்கிப் பிழைத்தவன்.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் மத்திய அரசு கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. குஜராத் கடலில் 500 மெகாவாட், நம் கடலில் 500 மெகாவாட். அதில் 600 கோடி, இரண்டு துறைமுகங்களை இதற்குத் தயார் செய்ய. நம் பக்கத்துக்குத் தூத்துக்குடிதான் என்று பேச்சு. ஆனால் இன்று வரை மன்னார் வளைகுடாவில் ஒரு காத்தாடிகூட நிற்கவில்லை. டெண்டர் விட்டார்கள், தேதியைத் தள்ளினார்கள், 2025-இல் ரத்தும் செய்தார்கள், அவ்வளவுதான். ஆகவே "அடுத்த வருடமே வேலை" என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது என் கதை. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் நம் முள்ளக்காட்டில்தான் வந்தது. இன்று தமிழ்நாட்டில் தரையில் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. அத்தனை வருட அனுபவம் உள்ள மாவட்டங்கள் நம்முடையவை. ஆனாலும் நான் இருந்த சைட்டில் நிலம் கொடுத்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது வாட்ச்மேன் வேலை. டெக்னீஷியன்களில் பாதிப்பேர் கான்ட்ராக்ட். ஆடிக் காற்றில் மெஷின் நின்றால் யூனிட் நஷ்டம் என்று ராத்திரியிலும் மேலே ஏற்றுவார்கள். நாசெல்லுக்குள், அதாவது உச்சியில் இருக்கும் மெஷின் அறைக்குள், எண்ணெய் வழுக்கும், டவரே ஆடும். அப்படி வருடக்கணக்கில் உழைத்த பிறகு வெளிநாட்டுக் கடல் காற்றாலைக்கு ஆள் எடுத்தார்கள். என்னிடம் அனுபவம் இருந்தது, சான்றிதழ் இல்லை. என்னை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர் அனுபவக் கடிதம்கூடத் தரவில்லை. வேலையே தெரியாத, ஆனால் சான்றிதழ் வைத்திருந்த பையன் போனான். அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

அந்தச் சான்றிதழுக்குப் பெயர் ஜி.டபிள்யூ.ஓ., காற்றாலை வேலைக்கான பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ். முதலுதவி, தீயணைப்பு, பளு தூக்குவது, உயரத்தில் வேலை, கடலில் உயிர் பிழைப்பது என்று ஐந்து பாடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீட்டு நகையை அடகு வைத்துத்தான் நான் படித்தேன். வங்கியில் கேட்டதற்கு, குறுகிய காலப் படிப்புக்குக் கடன் இல்லை என்றார்கள். நான்கு வருட இன்ஜினியரிங் என்றால் லட்சக்கணக்கில் தருகிறார்கள், அதை முடித்தவன் வேலையில்லாமல் வட்டி கட்டுகிறான். கையோடு வேலை தரும் படிப்புக்கு மட்டும் கதவைச் சாத்துவது என்ன நியாயம்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பயிற்சியில் ஒரு நாள், படகிலிருந்து காற்றாலைத் தூணின் ஏணிக்கு மாறுவது. படகு மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும், அலை அதைத் தூக்கித் தூக்கிப் போடும். என்னோடு வந்த, கடல் இல்லாத ஊர்ப் பையன்கள் ஏணியையே பார்த்தார்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன். அலை தூக்கி ஒரு நொடி நிற்கும்போது காலை மாற்றினேன். பயிற்சியாளர் எல்லோரையும் நிறுத்திவிட்டு, "இவரைப் பாருங்கள்" என்றார். அது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை. சித்தப்பா வள்ளத்தில் சின்ன வயதில் போனதில் வந்தது. நம் கடற்கரைப் பையன்களிடம் இது சும்மா கிடக்கிறது. இதற்குச் சம்பளம் உண்டு என்பது அவர்களுக்கே தெரியாது.

வெளிநாட்டில் இரண்டு விதமும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஒரு காலத்தில் பெரிய மீன்பிடித் துறைமுகம். 1970-களில் மீன்பிடி நொடித்தது. இன்று அங்கிருந்துதான் கடல் காற்றாலைகளுக்குப் பராமரிப்பு ஆட்கள் போகிறார்கள். பக்கத்தில் ஹல் நகரில் 2016-இல் சீமென்ஸ் இறக்கைத் தொழிற்சாலை திறந்தது, ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு வேலை. அதுவும் துறைமுகத்திலேயே. ஏனென்றால் 100 மீட்டர் இறக்கையை லாரியில் ஊர் ஊராகத் திருப்பிக்கொண்டு வர முடியாது, கப்பல் ஏறும் இடத்திலேயே வார்க்க வேண்டும். தூத்துக்குடிக்கு வாய்ப்பு என்று நான் நம்புவது இதனால்தான். 80 மீட்டருக்கு மேலான இறக்கைகளையே இங்கிருந்து கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள்.

அதே பிரிட்டனில் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையும் இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கடலில் காற்றாலை வந்தது, அதைத் தாங்கும் இரும்புச் சட்டகங்களைச் செய்யும் வேலையில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போனது. உள்ளூர்ப் பட்டறை வைத்திருந்த பைஃபாப் நிறுவனம் 2020 டிசம்பரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால் நமக்கும் அதுதான்.

கம்பெனிக்காக எழுதுகிறேன் என்று யாராவது வருவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடா 21 தீவுகளும் பவளப் பாறையும் உள்ள கடல். வலை போடும் இடம் போய்விடும் என்று பயப்படும் மீனவர் பக்கம் நியாயம் இருக்கிறது. என் சித்தப்பாவும் அதைத்தான் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கம்பம் இறக்கக் கூடாது. நான் சொல்வது, பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது நஷ்டஈட்டை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது என்பது. கட்டுமான வேலை இரண்டு மூன்று வருடம், அதுவும் பெரிய கப்பல்கள் தங்கள் ஆட்களோடு வரும். பராமரிப்பு 25 வருடம். ஆள் ஏற்றிப் போகும் படகு, காவல் படகு, டெக்னீஷியன், துறைமுகக் கிடங்கு எல்லாம் அதில்தான். பயிற்சிச் செலவைத் திட்டமே ஏற்க வேண்டும், படகு வேலையில் உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேட்க வேண்டும்.

தம்பிக்கு வருவோம். கடல் காற்றாலைக்காகக் காத்திருக்க வேண்டாம். கயத்தாறு பக்கம் தரைக் காற்றாலையில் இப்போதே சேரட்டும். எலக்ட்ரிக்கல் ஆட்களுக்குத் தேவை இருக்கிறது. சேர்கிற அன்றே நியமனக் கடிதமும் பி.எஃப். எண்ணும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு வருட முடிவிலும் அனுபவக் கடிதமும். கடல் பயிற்சிக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம், இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிடும். வேலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு கட்டினால் போதும்.